அந்தப் பதினைந்து கோடி பிராங்க்: பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரெஞ்சு தேசியப் பேரவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். நான் உங்கள் வாக்காளர் இல்லை. ஆனால் என் குடும்பத்தில் உங்கள் வாக்காளர்கள் உண்டு. பிரெஞ்சு ஆட்சி போன பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பாரீசில் தேர்தல் என்றால் இங்கே வரிசையில் நின்று ஓட்டுப் போடுவார்கள். என் பெரியம்மாவும் அவர்களில் ஒருவர். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அல்ஜீரியாவில் இருந்த வருடங்களைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அவர் காலமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெரியம்மாவுக்கு இன்றும் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வருகிறது.

வருடத்துக்கு ஒருமுறை, தான் உயிரோடு இருப்பதாகப் பெரியம்மா ஒரு சான்றிதழ் அனுப்ப வேண்டும். அந்தத் தாள் வந்தால் எனக்கு போன் வரும். நான் போய்ச் சேர்வதற்குள் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, மூக்குக் கண்ணாடி, நீல மசிப் பேனா, பெரியப்பாவின் பழைய கோப்பு எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருப்பார். கோப்பின் ஓரங்கள் செல்லரித்துவிட்டன. உள்ளே இருக்கும் காகிதங்களில் அவர் படையில் சேர்ந்த நாள், எண், விலகிய நாள் எல்லாம் இருக்கின்றன. போன முறை கையெழுத்துப் போட்டுவிட்டு, "எழுபது வருசத்துக்கு முந்தின கணக்குடி இது. ஒரு நாள் தப்பாம வச்சிருக்காங்க பாரு" என்றார். அவர் குரலில் பெருமை இருந்தது. அது நியாயமான பெருமைதான்.

அந்த வாரம் நான் கரீபியக் கடலில் உள்ள ஹைட்டி நாட்டின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மாவின் வார்த்தை மனசை விட்டுப் போகவில்லை. ஒரு சிப்பாயின் மனைவிக்குச் சேரவேண்டியதை இத்தனை வருடம் கழித்தும் கணக்குப் பார்த்துத் தருகிற அரசு, விடுதலைக்கு விலையாக ஹைட்டியிடம் தான் வாங்கிய பணத்தைப் பற்றி மட்டும் ஏன் தொகை சொல்லிப் பேச மறுக்கிறது? இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தமிழில் வாசகர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன்.

இன்றைய ஹைட்டி அன்று சாந்தொமேங் என்ற பிரெஞ்சுக் காலனி. பிரான்சின் காலனிகளிலேயே அதிகப் பணம் கொட்டியது அங்கிருந்துதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பா சாப்பிட்ட சர்க்கரையில் ஏறக்குறைய 40 சதவீதமும், குடித்த காப்பியில் பாதிக்கு மேலும் அந்தச் சின்ன நிலப்பரப்பிலிருந்து போனது. விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மனிதர்கள், ஏறக்குறைய 5 லட்சம் பேர். 1685இல் பதினான்காம் லூயி போட்ட கருப்புச் சட்டம் அவர்களை அசையும் சொத்து என்று எழுதி வைத்தது. கரும்பு ஆலையின் உருளைக்குள் கை மாட்டிக்கொண்டால் வெட்டியெடுக்கப் பக்கத்திலேயே கோடரி வைத்திருப்பார்கள். வந்தவர்கள் சீக்கிரமே செத்துப்போனார்கள், அந்த இடத்தை நிரப்ப அடுத்தடுத்துக் கப்பல்கள் வந்தன.

1791 ஆகஸ்டில் அவர்கள் எழுந்தார்கள். 1794 பிப்ரவரி 4 அன்று பாரீசில் கூடிய மக்கள் பேரவை எல்லா பிரெஞ்சுக் காலனிகளிலும் அடிமைமுறையை ஒழித்தது. உங்கள் அவையின் பரம்பரையில் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய நாள் அது. எட்டே வருடத்தில், 1802 மே 20 சட்டத்தால், நெப்போலியன் அடிமைமுறையை மறுபடி சட்டமாக்கினார். அதற்கு முன்பே சாந்தொமேங்குக்குத் தன் தங்கை கணவர் லெக்லேர் தலைமையில் பெரும்படையை அனுப்பியிருந்தார்.

தூசேன் லூவெர்த்யூரைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அடிமையாகப் பிறந்து, பிரெஞ்சுக் குடியரசின் தளபதியாகி, அந்தக் காலனியையே ஆண்டவர் அவர். 1802 ஜூனில் பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்துப் பிடித்தார்கள். கப்பலில் ஏற்றி, சுவிட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் ஜூரா மலையில் இருக்கும் ழூ கோட்டையில் அடைத்தார்கள். வாழ்நாள் முழுக்க வெயில் காய்ந்த உடம்பு. மலை உச்சி, தடித்த கல்சுவர், ஈரம். கடிகாரத்தைப் பறித்தார்கள். எழுதும் தாளைப் பறித்தார்கள். அடுப்புக்குத் தரும் விறகையும் அளந்து குறைத்தார்கள். தன்னை விசாரியுங்கள் என்று நெப்போலியனுக்குக் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. 1803 ஏப்ரல் 7 அன்று காவலர் கதவைத் திறந்தபோது அடுப்பருகே நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்துகிடந்தார். அவர் உடல் இன்று எங்கே என்று யாருக்கும் தெரியாது. பாரீசில் உங்கள் நாட்டுப் பெரியோரின் நினைவிடமான பாந்தியோனில் அவர் பெயரை 1998இல் பொறித்தீர்கள். அதைச் செய்ததற்கு நன்றி.

அவர் இறந்த அதே வருடம் நவம்பர் 18 அன்று வெர்த்தியேர் என்ற இடத்தில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1804 ஜனவரி 1 அன்று கொனாயீவ் நகரில் விடுதலைப் படையின் தலைவர் தெசாலீன் விடுதலையை அறிவித்தார். அடிமைகள் எழுந்து, வென்று, தாங்களே ஒரு நாட்டை உண்டாக்கியது உலக வரலாற்றில் அங்கே மட்டும்தான்.

இதுவரைக்கும் நடந்தது போர். கொடூரமான போர்தான், இரண்டு பக்கமும் ரத்தம் சிந்தியது. நான் வெட்கக்கேடு என்று சொல்வது இருபது வருடம் கழித்து, சமாதான காலத்தில், காகிதத்தில் நடந்ததை.

1825 ஏப்ரல் 17. மன்னர் பத்தாம் சார்லஸ் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். சாந்தொமேங்கின் பிரெஞ்சுப் பகுதியில் தற்போது குடியிருப்பவர்கள், பழைய தோட்ட முதலாளிகளின் இழப்பை ஈடுகட்ட, 15 கோடி பிராங்கை ஐந்து சமத் தவணைகளில் கட்ட வேண்டும். பிரெஞ்சுச் சரக்குக்குச் சுங்கத்தில் பாதி குறைக்க வேண்டும். இந்த நிபந்தனைகளின் பேரில் அவர்களுக்கு முழு விடுதலை வழங்குகிறோம் என்று ஆணை முடிகிறது. அந்த ஆணையை இன்னொரு முறை எடுத்துப் படியுங்கள். ஹைட்டி என்ற பெயர் அதில் எங்கேயும் வராது. இருபத்தோரு வருடமாகத் தன்னைத் தானே ஆண்டுவரும் நாடு. அதன் பெயரைச் சொல்லாமலே, அதனிடம் ஏற்கெனவே இருக்கும் விடுதலையை அதற்கே விலைக்கு விற்றார்கள்.

ஆணையை எடுத்துக்கொண்டு மன்னரின் தூதர் பரோன் தெ மக்கோ ஜூலையில் ஹைட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பின்னால் போர்க்கப்பல்கள். மொத்தம் 14 கப்பல்கள், 500க்கு மேல் பீரங்கிகள். கையெழுத்துப் போடாவிட்டால் துறைமுகத்தை முற்றுகையிடுவோம், போர்தான் என்பது நிலைமை. அந்த மாதமே ஹைட்டி அதிபர் புவாயே ஒப்புக்கொண்டார். தலையில் துப்பாக்கி வைத்து வாங்கிய கையெழுத்தை எங்கள் ஊர்ப் பத்திரப் பதிவு அலுவலகத்தில்கூட ஏற்கமாட்டார்கள்.

15 கோடி என்ற கணக்கு எப்படி வந்தது தெரியுமா? 1823இல் ஹைட்டியின் ஏற்றுமதி 3 கோடி பிராங்க். அதில் பாதி செலவு என்று கழித்தால் மிச்சம் ஒன்றரைக் கோடி. நிலத்தின் விலை பத்து வருட வருமானம் என்று வைத்துக்கொண்டால் 15 கோடி. அதாவது விடுதலை பெற்ற மக்கள் தாங்களே உழைத்து விளைவித்ததைக் கணக்கெடுத்து, அதை வைத்தே அவர்களுக்கு விலை போட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண் சொல்கிறேன். 1803இல் பிரான்ஸ் லூயிசியானா முழுவதையும், இன்றைய அமெரிக்காவின் நடுப்பகுதியில் பெரும் பாகத்தை, 8 கோடி பிராங்குக்கு விற்றது.

முதல் தவணை 3 கோடி. 19ஆம் நூற்றாண்டு ஹைட்டி வரலாற்றாசிரியர் பொபிரன் அர்துவாங் பதிவுசெய்த வரவுகளின்படி பார்த்தால், அந்த வருடம் அரசுக்கு வந்த மொத்த வருமானத்தைப் போல் அது ஏறக்குறைய ஆறு மடங்கு. பணம் எங்கே இருக்கிறது? பாரீசிலேயே ஒரு வங்கிக் கூட்டத்திடம் கடன் வாங்க வேண்டியதாயிற்று. 3 கோடி கடன் என்று எழுதிக்கொண்டார்கள், கழிவு போக 2 கோடியே 40 லட்சம்தான் கொடுத்தார்கள். குறைந்த 60 லட்சத்துக்கு ஹைட்டி தன் கருவூலத்தைத் துடைத்து, நாணயங்களைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றியது. வட்டி மட்டும் 3 கோடிக்கும் ஓடியது. எங்கள் பக்கம் கந்துவட்டிக்காரர் கையில் பத்தாயிரம் என்று எழுதி வாங்கிக்கொண்டு எட்டாயிரத்தைக் கொடுப்பார். படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. தண்டப் பணத்துக்கு மேல் இந்தக் கடனும் ஏறியதால்தான் ஹைட்டியர்கள் இதை இரட்டைக் கடன் என்கிறார்கள்.

இதில் மன்னருக்கு மட்டும் பங்கு என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் அதிபருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். பணத்தை யார் யாருக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதை 1826 ஏப்ரல் 30 சட்டம் தீர்மானித்தது. அது பாரீசில் நாடாளுமன்ற அவைகள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டம். ஒரு குழு அமைந்தது, மனுக்கள் வந்தன, ஒவ்வொன்றையும் சரிபார்த்தார்கள். 1828 முதல் 1833 வரை அந்தக் கணக்கை அச்சுப் புத்தகங்களாகவே போட்டார்கள்.

அந்தப் பக்கங்கள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. ஓர் இரவு உட்கார்ந்து புரட்டினேன். பழைய முதலாளியின் பெயர், கோருகிற வாரிசுகளின் பெயர், தோட்டம் எந்த ஊரில், கரும்பா, காப்பியா, எவ்வளவு தொகை. கோடு போட்ட கட்டங்கள், நேர்த்தியான அச்சு. விதவைகளுக்கு ஒரு பங்கு, பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பங்கு என்று கவனமாகப் பிரித்திருக்கிறார்கள். சொத்துக்கு மதிப்புப் போடும்போது அங்கே எத்தனை அடிமைகள் இருந்தார்கள் என்பதையும் பார்த்தார்கள். உழைத்தவர்களில் ஒருவருடைய பெயருக்கும் அங்கே ஒரு பைசா எழுதப்படவில்லை. தங்களை இழந்ததற்காகத் தங்கள் முதலாளிக்குத் தாங்களே நஷ்டஈடு கட்டினார்கள். அந்தக் கட்டங்களைப் பார்த்தபோது பெரியம்மாவின் கோப்புதான் கண்ணுக்குள் வந்தது. அதே கவனம், அதே கோடுகள்.

பணத்தைக் கட்டியது காப்பி. மலைச்சரிவில் கால் காணி, அரைக் காணி வைத்துக்கொண்டு, காப்பிப் பழம் பறித்து, காயவைத்து, மூட்டையைத் தலையில் சுமந்து துறைமுகத்துக்கு இறங்கிய குடியானவர்கள். ஏற்றுமதியாகும் காப்பிக்கு அரசு வரி போட்டது. அந்த வரியில் பெரும்பங்கு பாரீசுக்குப் போனது. 1826இல் புவாயே கொண்டுவந்த கிராமச் சட்டம் குடியானவர்களை நிலத்தோடு கட்டிப்போட்டது, அனுமதி இல்லாமல் தோட்டத்தை விட்டு நகர முடியாது. இருபது வருடத்துக்கு முன் சங்கிலியை அறுத்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். பள்ளிக்கூடமோ, சாலையோ, ஆஸ்பத்திரியோ கட்ட எங்கிருந்து பணம் வரும்?

ஹைட்டியால் தவணை கட்ட முடியாமல் போய், 1838இல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். அந்த ஒப்பந்தங்களில் ஒன்றுக்கு நட்புறவு ஒப்பந்தம் என்று பெயர். அதற்குப் பிறகு கடனை அடைக்கக் கடன். 1875இல் பாரீசில் ஒரு பெரிய கடன். 1880இல் ஹைட்டி தேசிய வங்கி என்று ஒன்று ஆரம்பித்தார்கள். பெயரில்தான் ஹைட்டி இருந்தது, நடத்தியது பாரீசின் சிஐசி வங்கி. நாட்டின் வரவு செலவு அதன் வழியாகப் போகும், ஒவ்வொன்றிலும் கழிவு எடுப்பார்கள். ஐஃபல் கோபுரம் கட்டப் பணம் போட்ட வங்கிகளில் சிஐசியும் ஒன்று. அப்புறம் அமெரிக்கா வந்தது. 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹைட்டியின் தேசிய வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் தங்கத்தை எடுத்துக்கொண்டு நியூயார்க் போனார்கள். அடுத்த வருடம் தொடங்கி 1934 வரை அமெரிக்க ஆக்கிரமிப்பு. அந்தப் பழைய கடன்களின் வால் அறுபட்டபோது 1947 ஆகியிருந்தது. எங்கள் நாடு விடுதலை பெற்ற வருடம்.

மொத்தம் எவ்வளவு போனது? 2022இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வருடவாரியாகக் கணக்கெடுத்தது. தண்டமும் அதற்காக வாங்கிய கடனுமாக ஏறக்குறைய 11 கோடியே 20 லட்சம் பிராங்க், இன்றைய மதிப்பில் 56 கோடி டாலர். அந்தப் பணம் ஹைட்டியிலேயே தங்கியிருந்தால் இருநூறு வருடத்தில் என்னவாக வளர்ந்திருக்கும் என்று பொருளாதார அறிஞர்களோடு பேசி 2,100 கோடி டாலர் முதல் 11,500 கோடி டாலர் வரை என்று மதிப்பிட்டது. எந்த எண் சரி என்று நான் வாதாட வரவில்லை. எண் ஒன்று இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் அவையில் இதற்கு எழக்கூடிய பதில்களையும் யோசித்துப் பார்த்தேன்.

1804இல் தெசாலீன் உத்தரவில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுக்காரர்கள் கொல்லப்பட்டார்களே என்று ஒருவர் கேட்கலாம். கொல்லப்பட்டார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. அதை மறைக்கக் கூடாது, ஹைட்டியின் வரலாற்றில் அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் 15 கோடி அந்த உயிர்களுக்கான பணம் இல்லை. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் மனிதச் சொத்துக்குமான பணம். உங்கள் முன்னோர்களின் கணக்குப் புத்தகமே அதற்குச் சாட்சி.

ஹைட்டியை ஆண்டவர்களே கொள்ளையடித்தார்கள் என்பார்கள். உண்மை. சர்வாதிகாரிகளான துவாலியே குடும்பம் 1957 முதல் 1986 வரை செய்ததை மறக்க முடியாது. ஆனால் திருடன் இருக்கிற வீட்டில் வாங்கிய கடனைத் திருப்பித் தரவேண்டாம் என்று எந்த நியாயமும் சொல்வதில்லை. இப்போது அந்நாட்டில் அரசே நிலையாக இல்லை, 2021இல் அதிபர் மொயீசைக் கொன்றபின் தேர்ந்தெடுத்த அதிபர் இல்லை, தலைநகரத்தின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்கள் கையில், பணத்தை யாரிடம் கொடுப்பது என்று கேட்பார்கள். இது நேர்மையான கேள்வி. ஆனால் எப்படிக் கொடுப்பது என்ற கேள்வியை, கொடுக்க வேண்டியது உண்டா என்ற கேள்விக்கு முன்னால் கொண்டுவந்து வைக்காதீர்கள். கடன் உண்டு என்று எழுதுங்கள். வழியை ஹைட்டி மக்களோடு உட்கார்ந்து பேசலாம்.

இருநூறு வருடம் ஆகிவிட்டதே, இனி எப்படி என்று கேட்பவர்களுக்குப் பெரியம்மா சொன்னதையே சொல்கிறேன். நான் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர், "யாருக்குக் குடுத்தோம்னு புஸ்தகம் இருக்குன்னு சொல்றியே, அப்புறம் எப்படி தெரியாதுன்னு சொல்லுவாங்க?" என்றார்.

உங்கள் தலைவர்கள் இதுவரை சொன்னதையும் பார்ப்போம். 2003 ஏப்ரல் 7, தூசேன் இறந்து சரியாக இருநூறு வருடம் ஆன அன்று, ஹைட்டி அதிபர் அரிஸ்டீட் 2,168 கோடியே 51 லட்சத்து 35 ஆயிரத்து 571 டாலர் 48 சென்ட் கேட்டார். பாரீஸ் மறுத்தது. அடுத்த வருடம் பிப்ரவரியில் அவர் நாட்டை விட்டே போகும்படி ஆயிற்று, பின்னால் வந்த இடைக்கால அரசு கோரிக்கையைக் கைவிட்டது. 2010இல் நிலநடுக்கம் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனபின் சர்க்கோசி அங்கே போனார். ஹைட்டி மண்ணில் கால் வைத்த முதல் பிரெஞ்சு அதிபர் அவர்தான், விடுதலைக்கு 206 வருடம் கழித்து. 2015 மே மாதம் குவாதலூப்பில் ஒல்லாந்து பேசும்போது, ஹைட்டிக்குப் போகையில் நம் கடனை நான் தீர்ப்பேன் என்றார். கேட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்றே அவருடைய ஆட்கள், அவர் சொன்னது தார்மீகக் கடனை மட்டும் என்று விளக்கம் கொடுத்தார்கள். 2024 நவம்பரில் மக்ரோன் ஹைட்டியை வழிநடத்துபவர்களை வடிகட்டின முட்டாள்கள் என்று சொன்னது வீடியோவில் பதிவாகி உலகம் முழுக்கப் போனது. அதைப் பார்த்த ஹைட்டிக்காரர்களின் மனசை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. அதே மக்ரோன் 2025 ஏப்ரல் 17 அன்று, ஆணையின் இருநூறாவது வருடத்தில், ஓர் இளம் நாட்டின் விடுதலைக்கு விலை வைத்தார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, இரு நாட்டு வரலாற்றாசிரியர்கள் குழு ஒன்றை அறிவித்தார். அது நல்ல ஆரம்பம். அந்த ஜூன் மாதமே உங்கள் அவை இரட்டைக் கடனை ஒப்புக்கொண்டு, திருப்பித் தரவேண்டும் என்று தீர்மானமும் நிறைவேற்றியது. வாக்களித்த ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஆனால் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது என்பது உங்களுக்குத் தெரியும். வாங்கியது சட்டத்தால். திருப்பித் தருவதும் சட்டத்தால்தான் நடக்க முடியும்.

செய்யத் தெரியாதவர்கள் இல்லை நீங்கள். 1942 ஜூலையில் பாரீசில் 13,000க்கும் மேற்பட்ட யூதர்களைப் பிடித்து, அவர்களில் பலரை வெல்திவ் என்ற விளையாட்டரங்கத்தில் அடைத்தது பிரெஞ்சுப் போலீஸ். பிடிபட்டவர்களில் 4,000க்கு மேல் குழந்தைகள். ஐம்பது வருடம் வரை, அது ஜெர்மானியரோடு ஒத்துழைத்த விஷி அரசு செய்தது, குடியரசு செய்ததில்லை என்றே சொல்லிவந்தார்கள். 1995இல் அதிபர் சிராக், பிரான்ஸ் செய்தது என்று நேராகச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. 1999இல் ஓர் ஆணையம் அமைத்து, பறித்த கடைக்கும் வீட்டுச் சாமானுக்கும் முடக்கிய வங்கிக் கணக்குக்கும் வாரிசுகளைத் தேடி நஷ்டஈடு கொடுத்தீர்கள்.

இன்னொன்றும் உண்டு, அது எங்கள் சொல்தா வீடுகளுக்கு நெருக்கமான விஷயம். 1944 டிசம்பர் 1 அன்று செனகலில் தியாரோய் முகாமில், பாக்கிச் சம்பளத்தைக் கேட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்களைச் சுட்டுக் கொன்றார்கள். பிரான்சுக்காகப் போராடி ஜெர்மானியரிடம் கைதிகளாக இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் அவர்கள். பின்னால் 1959இல் ஒரு சட்டம், விடுதலை பெற்ற காலனிகளின் பழைய சிப்பாய்களுக்கு ஓய்வூதியத்தை அப்படியே உறையவைத்தது. பக்கத்துப் பதுங்குகுழியில் நின்ற பிரெஞ்சுக்காரருக்கு ஒரு தொகை, செனகல்காரருக்கு அதில் சிறு பகுதி. ஐம்பது வருடம் அப்படியே போனது. 2010 மே 28 அன்று உங்கள் அரசியலமைப்புக் குழு அது சமத்துவத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. அந்த வருடமே திருத்தினீர்கள். பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள். இருந்தாலும் திருத்தினீர்கள்.

1848இல் பிரான்ஸ் அடிமைமுறையை இரண்டாவது முறையாக ஒழித்தது. அடுத்த வருடச் சட்டம் நஷ்டஈடு கொடுத்தது அப்போதும் முதலாளிகளுக்குத்தான். வயலில் ஆள் இல்லை என்று அவர்கள் தேடியபோது புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏற்றினார்கள். 1853 மே மாதம் ஒரேலி என்ற கப்பல் எங்கள் ஊர்க் கரையிலிருந்து கரீபியத் தீவான மர்த்தினிக் போய்ச் சேர்ந்தது. அதில் போனவர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள், தமிழ் மறந்த பிறகும். ஆகவே இந்தக் கணக்குப் புத்தகங்கள் எனக்கு முழுக்க வேற்றூர்க் கதை இல்லை. என்றாலும் நான் இங்கே எங்களுக்காகக் கேட்கவில்லை. துறைமுகத்தில் பீரங்கியை நிறுத்தி, விடுதலைக்கு விலை வாங்கியது ஹைட்டியிடம். முதலில் தீர வேண்டியது அந்தக் கணக்கு.

என் வேண்டுகோள் இதுதான். 1825 ஆணையும் 1826 ஏப்ரல் 30 சட்டமும் தவறு என்று ஒரு சட்டம் போடுங்கள். வரலாற்றாசிரியர்கள் குழு என்ன எழுதினாலும் அது நூலக அலமாரியோடு நின்றுவிடாமல், தொகையை ஹைட்டியோடு பேசி முடிவு செய்யும் பொறுப்பை அந்தச் சட்டத்திலேயே எழுதுங்கள். வருடாந்திர நிதிநிலை அறிக்கையில் அதற்கென்று ஒரு வரி இருக்கட்டும். கடன் தள்ளுபடி, உதவி, நிவாரணம் என்ற பெயர்களில் வேண்டாம். திருப்பித் தரும் பணம் என்றே எழுதுங்கள். பெயர் முக்கியம், 1825இல் ஒரு நாட்டின் பெயரை எழுத மறுத்ததிலிருந்துதான் இது ஆரம்பித்தது.

பணத்தை எங்கே வைப்பது என்பதற்கும் இடம் இருக்கிறது. 15 கோடியைக் கட்டச் சொன்ன இடம் கேஸ் தே தெப்போ என்ற அரசு நிதி நிறுவனம். 1816இல் தொடங்கியது, இன்றும் பாரீசில் நடக்கிறது. அங்கேயே ஹைட்டி மக்கள் பெயரில் ஒரு கணக்குத் திறக்கலாம். ஹைட்டி தன் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற நாள் வரை அது வட்டியோடு அங்கே இருக்கட்டும். பள்ளிக்கா, குடிநீருக்கா, ஆஸ்பத்திரிக்கா என்பதை அவர்கள் சொல்வார்கள்.

மன்னரின் ஆணை முதல் தவணைக்குக் குறித்த கெடு 1825 டிசம்பர் 31. உங்கள் முதல் தவணையையும் ஒரு டிசம்பர் 31 அன்று அந்தக் கணக்கில் போடுங்கள். ரசீதில் பெறுபவர் என்ற இடத்தில் ஹைட்டி என்று எழுதுங்கள்.

மரியாதையுடன்,
ஒரு சொல்தாவின் தம்பி மகள்,
புதுச்சேரி.